பூச்சி மருந்துக்கு மாற்று மருந்து



"நரம்பை முடக்கும் விஷ வாயுவுக்கு மாற்று மருந்து இருக்குதுங்களா சார்?" என்று பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "உன் தோட்டத்துச் சாளையில் இருக்கிற டப்பாவும் அதே சாதிதானப்பா" என்றேன். நம்பவில்லை.

1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பயிர்ப் பூச்சிக்கு மருந்து தேடப்போய்க் கிடைத்ததுதான் டபுன் என்ற போர் விஷம். அதே ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பத்துச் சரக்கு பிறகு நம் பருத்திக் காட்டுக்கும் வந்தது. பாலிடாலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விஷத்துக்கு 'மருந்து' என்று பேர் வைத்தவர்கள் நாம்!

நரம்பின் செய்தியை எடுத்துப்போகும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் ஒரு நொதி சிதைக்க வேண்டும். விஷம் அந்த நொதியைக் கட்டிப்போடும். எச்சிலும் வியர்வையும் வழியும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். அட்ரோபின் (நம் ஊமத்தையிலும் உண்டு, தின்று பார்க்காதீர்கள்) அந்த அமளியை அடக்கும், ஆனால் நொதியை அவிழ்த்துவிடாது. அவிழ்ப்பதற்கென்று 1950களில் அமெரிக்காவில் இர்வின் வில்சன் குழுவினர் உருவாக்கியதுதான் பிராலிடாக்சைம். ஆஸ்பத்திரியில் 'பாம்' என்பார்கள்.

பாடப்புத்தகம் சொன்னதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படியே ஏற்கவில்லை. பூச்சி மருந்து விஷத்தோடு வந்தவர்களில் ஒரு பாதிக்குப் பாம், மறு பாதிக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்று தெரியாமலே கொடுத்துப் பார்த்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பாம் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. 2009இல் இலங்கையில் 235 பேரிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. நடுவே 2006இல் மகாராஷ்டிர பாராமதியில், அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் பலன் உண்டு என்றார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. நேரமானால் கட்டு இறுகிவிடும், பிறகு அவிழாது என்பது ஒரு காரணம்.

பல வருஷங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் அப்பா, காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்துச் சுருண்டு விழுந்தார். அந்த ஊசிக்காக அவன் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். அவர் பிழைத்தார். ஊசிதான் காப்பாற்றியது என்று அந்த அம்மா இன்றும் சொல்வார். இதையெல்லாம் படித்த பிறகும் நான் மறுத்துப் பேசியதில்லை.

இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸையே தடை செய்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அங்கே தற்கொலைச் சாவு ஏறக்குறைய பாதியானது. நாம் தென்னை வேரில் கட்டினோமே, அதே மருந்துதான்.

மருந்தடித்தவருக்கு வாயில் எச்சில் வழிந்தால், துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்பார்.