சீனி வருத்தமும் தாய்மொழி அறிவும்

எம்மவர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நீரிழிவு, ஒரு வகையில் ஏனைய நோய்களினின்றும் வேறுபட்டது. காய்ச்சலை வைத்தியர் தணிக்கிறார். நீரிழிவு நோயாளரோ நாள்தோறும் தம்மைத் தாமே பராமரிக்க வேண்டியவர். எவ்வளவு சோறு உண்பது, எப்போது குளிசை எடுப்பது, ஊசியை எங்கே ஏற்றுவது என்பனவற்றை வீட்டிலிருந்து தீர்மானிப்பவர் அவரே. ஆகவே அவருக்குப் போதிப்பது வைத்தியத்திற் பாதியாகும். அப்போதனை யாருடைய மொழியில் நடைபெற வேண்டும்? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு 150 ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டது.

1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்தவர். மானிப்பாயிலிருந்து வைத்தியம் செய்ததோடு, உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்றவர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டு அகலக் கண்டார். கிராமத்து மக்களிடையே தங்கும் வைத்தியர் வேண்டுமாயின் கல்வி தமிழில் அமைய வேண்டுமெனத் துணிந்து, 1860களில் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலிய நூல்கள் அவரும் அவருடைய தமிழ் மாணவரும் சேர்ந்து உழைத்ததன் பயன். கலைச்சொல் இல்லையென்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை.

சமயம் பரப்புதலும் கிறீனின் நோக்கமாயிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் 1873இல் தாயகம் திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலவழியே நடந்தது. பதவியும் ஊதியமும் ஆட்சியாளர் மொழியோடு பிணைந்திருந்த சமுதாயத்தில் இது வியப்பன்று.

கிறீன் மருத்துவ அறிவை மாணவருக்குத் தமிழில் வழங்கினார். அவ்வறிவை நோயாளரிடமே ஒப்படைக்கும் வேலை எஞ்சியிருந்தது. நீரிழிவைப் பொறுத்தவரை அதனை முன்னின்று செய்தவரும் கிறீனின் ஊர்ப்புறத்தவரே. வூஸ்ரருக்கு அணித்தான ஒக்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் 1869இல் பிறந்த எலியட் ஜொஸ்லின், பொஸ்ரனில் வைத்தியராயிருந்து, 1918இல் நோயாளரும் படிக்கத்தக்க கைநூலொன்றை வெளியிட்டார். 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அதனை அளந்து ஏற்றவும் உணவை அளவறிந்து உண்ணவும் கற்பிக்கத் தாதியரைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்பினார். இன்றைய நீரிழிவுப் போதனையாளர்க்கு அத்தாதியரே முன்னோடிகள்.

யாழ்ப்பாணத்தில் இப்பணி செய்பவர் புட்டையும் இடியப்பத்தையும் குரக்கனையும் அறிந்து பேச வேண்டியவர். ‘மாச்சத்தைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்வது கூலி வேலை செய்து களைத்து வருபவருக்குப் போதாது. அவருடைய கோப்பையில் எவ்வளவு என்று காட்ட வேண்டும். மரத்துப்போன பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. ஆதலால் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கும் விவசாயி இரவுதோறும் பாதத்தைப் பார்க்கப் பழக வேண்டும். 1990இன் பின்னர் போர்க்காலத்தில் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் கிடந்தது. குளிர்ப்பெட்டி இயங்காத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானையுள் இன்சுலினைப் பேணலாம் என்னும் எளிய அறிவும் அத்தகைய நாட்களில் உயிர் காப்பதாகும்.

இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற உரிமை. மருந்தைப் பெறும் ஏழை அதன் விளக்கத்தையும் தன் மொழியிற் பெறாவிடின் அவ்வுரிமை அரைகுறையே. கற்பிப்போரும் கற்போருமாகிய நாம் எம் அயலவரின் மருந்துச் சிட்டையை ஒருமுறை படித்துக் காட்டினாலும், மானிப்பாயில் தொடங்கிய வேலையில் ஒரு பங்கைச் செய்தவராவோம்.