கிளறலும் படிகமும்

படிகம் எப்படி வளரும் என்பதை வெப்பநிலையும் செறிவுமே முடிவு செய்வதாகப் பாடநூல்களைப் படிக்கும் மாணவருக்குத் தோன்றும். ஆலைக்குள் நிலைமை வேறு. உரமானாலும் மாத்திரைக்கான மருந்துத்தூளானாலும், தொட்டிக்குள் சுழன்று கரைசலைக் கிளறும் தகடான இம்பெல்லருக்கும் படிக வளர்ச்சியில் பெரும்பங்கு உண்டு. கலக்கலையும் படிகமாக்கலையும் தனித்தனிப் பாடங்களாகவே கற்பித்து முடிப்பது வேதிப் பொறியியல் கல்வியின் பெருங்குறை என்பது என் துணிபு.

கிளறுவதன் முதல் நோக்கம், படிகங்களை அடியில் தங்கவிடாமல் வைத்திருப்பது. அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கு 1958இல் ஸ்வீட்டரிங் ஒரு சூத்திரம் தந்தார். அவர் கொண்ட அளவுகோலின் எளிமை இன்றும் வியப்பூட்டுகிறது. தொட்டியின் அடிப்பாகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். எந்தத் துகளும் அங்கே ஓரிரு வினாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. அவ்வளவுதான். இப்படிக் கிடைக்கும் குறைந்தபட்சச் சுழல்வேகம், இம்பெல்லர் விட்டத்தின் 0.85ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது.

இந்த 0.85க்குள் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று பார்ப்போம். 1 லிட்டர் குடுவையிலிருந்து அதே வடிவமுள்ள 1,000 லிட்டர் தொட்டிக்குப் போனால் நீள அகலங்கள் 10 மடங்காகின்றன. சுழல்வேகம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தாலும் படிகங்கள் அடியில் தங்கா. ஆனால் இம்பெல்லர் தகட்டின் முனைவேகம் 1.4 மடங்கு கூடிவிடுகிறது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் குளிர்விக்கும் சுவர்ப்பரப்போ பத்தில் ஒரு பங்குதான். குடுவையில் ஆன அதே நேரத்துக்குள் குளிர்விக்க வேண்டுமென்றால் சுவரை இன்னும் குளிரச் செய்தாக வேண்டும். அப்போது சுவரையொட்டிய கரைசல் மட்டும் அளவுமீறித் தெவிட்டி, அங்கே பொடிப்படிகம் கொட்டுகிறது, சுவரில் பொருக்கும் கட்டுகிறது. ஆய்வகத்தில் அருமையாக வந்த படிகம் ஆலையில் மாவாக வருவதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

முனைவேகம் கூடினால் என்ன கேடு? இதற்கு 1971இல் குளோன்ட்ஸ், மெக்கேப் இருவரும் வெளியிட்ட சோதனை தெளிவான விடை தந்தது. மீத்தெவிட்டிய கரைசலில் வளர்ந்துகொண்டிருந்த மக்னீசியம் சல்பேட் படிகத்தை ஒரு கோலால், அளந்த ஆற்றலோடு, தட்டினார்கள். தட்டியதும் புதிய படிகக் கருக்கள் பிறந்தன. தட்டலின் ஆற்றல் கூடக்கூட அவற்றின் எண்ணிக்கையும் கூடியது. படிகம் நொறுங்கத் தேவையில்லை, ஓர் இலேசான மோதலே போதும். தொட்டிக்குள் இம்பெல்லர் ஓயாமல் செய்துகொண்டிருப்பது இதையேதான். படிகங்களைத் தாங்கி வளர்க்கும் அதே தகடு அவற்றோடு போட்டியிடும் கருக்களையும் பெருக்குகிறது. கரைந்திருக்கும் பொருள் அத்தனை கருக்களுக்கும் பங்கிடப்படுவதால் ஒன்றும் பெரிதாக வளர்வதில்லை.

இந்தப் பிறப்பையும் வளர்ச்சியையும் கணக்கில் பிடிக்க வழிசெய்தவர்கள் ராண்டால்ஃப், லார்சன் இருவரும். தொடர்ந்து இயங்கும் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்துச் சல்லடைகளில் பிரிக்கிறோம். ஒவ்வொரு அளவிலும் உள்ள எண்ணிக்கை அடர்த்தியின் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வருகிறது. கோட்டின் சாய்வு வளர்ச்சி வேகத்தையும், வெட்டுத்துண்டு கருக்களின் அடர்த்தியையும் சொல்லிவிடும். ஒரு நிபந்தனை உண்டு: தொட்டி முழுவதும் சீராகக் கலந்திருக்க வேண்டும். கலக்கல் ஆய்வு இல்லாமல் இந்த நேர்கோட்டை நம்ப முடியாது.

வேகத்தைக் குறைத்தால் படிகம் அடியில் படியும், கூட்டினால் கருக்கள் பெருகும். இந்த இக்கட்டுக்கு 1970களில் வேறொரு பக்கத்திலிருந்தும் வழி தேடினார்கள். எஃகு இம்பெல்லருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீனால் ஆன இம்பெல்லரைச் சுழற்றிப் பார்த்தார்கள். மென்மையான பரப்பில் மோதிய படிகங்களிலிருந்து பிறந்த புதிய கருக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.