பள்ளிக்கூடமும் பெற்றோரும்: ஒரு டென்மார்க் வழக்கு

பருவமடையும் பிள்ளைக்கு உடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியவர் பெற்றோரா, பள்ளிக்கூடமா? இது நமக்கு மட்டுமே எழும் கேள்வி என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஐரோப்பாவின் கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் இதே கேள்வியோடு நீதிமன்றப் படியேறிய வரலாறு உண்டு.

பாலியல் கல்வியைப் பள்ளிகளில் முதன்முதலாகக் கட்டாயமாக்கிய நாடு ஸ்வீடன், ஆண்டு 1955. டென்மார்க் 1970இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. விரும்பாத கருவுறுதல்கள் பெருகியதே அரசின் கவலை. தனிப் பாடமாக அன்றி மற்றப் பாடங்களோடு கலந்து கற்பிக்கப்பட்டதால், பிள்ளைகளுக்கு விலக்குப் பெற வழியில்லாது போயிற்று. மூன்று தம்பதியர் இதனை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை அமைப்புகளை நாடினர்.

1976 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் தோற்றனர். ஆயினும் அரசுக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது: அறிவை நடுநிலையோடு வழங்கலாம், பெற்றோரின் நம்பிக்கையை மதியாமல் கொள்கையைத் திணித்தல் ஆகாது. தம் சமய நெறிப்படி பிள்ளைக்கு அறிவுரை கூறி வழிநடத்தும் உரிமை பெற்றோரிடமே இருக்கிறது என்றும் நீதிமன்றம் கூறியது.

அந்த உரிமையை நாம் பயன்படுத்துகிறோமா? பாலிக், ஹைள், கடமையான குளிப்பு ஆகியவற்றின் சட்டங்களைத் தெளிவாக எடுத்துரைக்கும் மார்க்கம் நம்முடையது. அவற்றைப் பிள்ளையிடம் பேச நாம் கூசினால், பள்ளிக்கூடத்தையோ கைப்பேசியையோ குறைகூறி என்ன பயன்? வீட்டின் மௌனத்தை எந்த நீதிமன்றமும் கலைத்துத் தராது.