45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டருக்கு: காளத்தி வானமும் ட்ரோன் ஆர்வலரும்

ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையத்திலிருந்து காளஹஸ்தி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தொலைவு 2021ஆம் ஆண்டில் சட்டப் பொருள் பெற்றது. விமான நிலையங்களைச் சுற்றி அதுவரை 45 கி.மீ. எனக் கொள்ளப்பட்டிருந்த மஞ்சள் மண்டலத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பெற்ற ட்ரோன் விதிகள் 12 கி.மீ. ஆகச் சுருக்கின. சுவர்ணமுகி ஆற்று மணலில் நின்று ஒரு கிலோ எடையுள்ள ட்ரோனைப் பறக்கவிட விரும்புபவர் அதற்கு முன்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் இசைவை நாட வேண்டியவர். வேறு தடை குறுக்கிடாதவிடத்து, அதற்குப் பின்பு 400 அடி உயரம்வரை எவரிடமும் இசைவு கேட்க வேண்டாதவர். மாறியது வரைபடத்தில் ஒரு வட்டத்தின் ஆரம் மட்டுமே. அந்த வட்டத்தை யாருக்காகச் சுருக்கினார்கள் என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

இந்திய ட்ரோன் சட்டம் தடையில் தொடங்கியது. 2014 அக்டோபர் 7 அன்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட பொது அறிவிப்பு, விதிகள் வரும்வரை ட்ரோன்களைப் பறக்கவிடுவதே கூடாது என்றது. 2016இலும் 2017இலும் வரைவுகள் வந்தன. 2018 ஆகஸ்ட் 27 அன்று வெளியான விதிகள் அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் உயிர்நாடி 'அனுமதியின்றி எழுச்சியில்லை' என்ற கோட்பாடு. ஒவ்வொரு பயணத்துக்கும் மின்னணு அனுமதி கிடைத்தாலன்றி ட்ரோனின் மென்பொருளே மோட்டாரைச் சுழலவிடாது. ஆலையில் செய்து விற்கப்படும் கருவிக்கு இது இயலும். சட்டகம், மோட்டார், திறந்த மூலக் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தானே பற்றவைத்துப் பொருத்தும் பொறியியல் மாணவருக்கு எளிதில் இயலாது. ஆர்வலர்களின் முதன்மைக் குறை இதுவே.

250 கிராமுக்கு மேற்படாத 'நானோ' வகைக்கு மட்டும் 50 அடிவரை பெருமளவு விலக்கு இருந்தது. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பி, 2010 மே 26 அன்று சரிந்து வீழ்ந்த காளஹஸ்தி இராஜகோபுரத்தின் பாதி உயரத்தைக்கூட அந்த 50 அடி எட்டாது.

அமெரிக்க நிலை வேறு. அங்கு மாதிரி விமானக் கழகம் 1936 முதல் இயங்கி வருகிறது. பொழுதுபோக்கு மாதிரி விமானங்களுக்குப் புது விதி இயற்றலாகாது என்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 336ஆம் பிரிவு கூறியது. 2015 இறுதியில் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது ஜான் டெய்லர் என்ற ஆர்வலர் வழக்குத் தொடுத்து, 2017 மே மாதம் வென்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் பதிவை மீண்டும் கொண்டுவந்தது. தொலையடையாளம் பற்றிய 2019ஆம் ஆண்டு வரைவுக்கு வந்த கருத்துரைகள் 50,000க்கும் மேல். தோற்றாலும் வென்றாலும், அங்கே ஆர்வலர் சட்டத்தின் முன் பெயருள்ள ஒரு தரப்பினர்.

இந்தியாவில் அவர் தரப்பினரல்லர், விலக்கு. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன் தாக்குதல் நிகழ்ந்தது. மூன்றே வாரங்களுக்குள், ஜூலை நடுவில் வந்த வரைவு, கடுமைக்கு மாறாகத் தளர்வைக் கொணர்ந்தது வியப்புக்குரியது. படிவங்கள் 25இலிருந்து 5 ஆயின. கட்டண வகைகள் 72இலிருந்து 4 ஆயின. வணிக நோக்கமின்றி 2 கிலோ வரையுள்ள ட்ரோனை இயக்க உரிமம் வேண்டாமென்றாயிற்று. கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான 'மாதிரி' ட்ரோன்களுக்கு வகைச்சான்றிதழிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. அரசு முன்வைத்த காரணமோ இந்தியாவை உலக ட்ரோன் மையமாக்குவது. தொழில்துறைக்குத் திறந்த வாயிலில் ஆர்வலரும் நுழைந்துகொண்டார். இது நன்மையே, ஆனால் தானே வாதாடிப் பெறாத நன்மை.

கோயில் நகரங்களில் இன்னொரு தரப்பும் உண்டு. திருமலைக் கோயிலை வானிலிருந்து எடுத்த காணொளி 2023 ஜனவரியில் பரவியபோது பக்தர்களிடையே எழுந்த சினம் பொருளற்றதன்று. ஆகம மரபிலும் பாதுகாப்பிலும் அதற்கு வேர் உண்டு. அதே 2021 விதிகள், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி குறுகிய காலத்துக்குச் சிவப்பு மண்டலம் அறிவிக்க இடமளிக்கின்றன. மகாசிவராத்திரிப் பிரம்மோற்சவக் காலத்துக் காளஹஸ்திக்கு அது போதுமான கருவி. நிலையான முழுத்தடையைக் கோருவோர் இவ்விதியை எண்ணிப் பார்ப்பதில்லை.

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவு வெளியாயிற்று. கருத்துரைக்கத் தரப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டு வாரம். உற்பத்திக்கு மட்டுமன்றிப் பொருத்துவதற்கும் வகைச்சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்பீடு, பறிமுதல் செய்யும் காவல் அதிகாரம், சில குற்றங்களுக்குச் சிறைத்தண்டனை ஆகியன அதில் இடம்பெற்றன. 2021 விதிகளின்கீழ் பெரும அபராதம் ஒரு லட்சம் ரூபாய், சிறை இல்லை. எனவே ஆர்வலர்கள் கவலைப்பட வேண்டியது வட்டத்தின் ஆரம் பற்றியன்று. தன் கையால் பொருத்திய கருவியை 'மாதிரி' என்று அழைத்த அந்த ஒற்றைச் சொல் புதிய சட்டத்தில் எஞ்சுமா என்பது பற்றியே.