அம்பேத்கர் கேட்ட இரண்டு மூன்று படிகள்

தோழர்களே, கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவைப் பேசும்போது 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிதம் போயிருக்கிறது. 1946 ஜூலையில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு எழுதினார். நேஷனல் நீக்ரோ காங்கிரஸ் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவில் இரண்டு மூன்று படிகள் வேண்டும், தீண்டப்படாத மக்களும் அப்படியொரு மனு கொடுக்க எண்ணுகிறார்கள் என்று கேட்டார். ஜூலை 31 தேதியிட்ட பதிலோடு மனுவையும் டூ பாய்ஸ் இணைத்து அனுப்பினார். வழக்கு நடத்துகிறவர் பக்கத்து ஊர்க்காரரிடம் "உங்க மனுவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பது போன்ற கடிதம் அது.

ஆர்மீனியர்களின் கதையும் இப்படிக் கைமாறியதுதான். (சென்னையில் நாம் அரண்மனைக்காரன் தெரு என்பது உண்மையில் ஆர்மீனியர் தெரு.) ஒட்டோமான் பேரரசில் 1915 முதல் அவர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்குத் தண்டனை இல்லையே என்று கொதித்த யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கினார். 1948-இல் அது ஐ.நா. உடன்படிக்கையானது. 1951-இல் வில்லியம் பேட்டர்சனும் பால் ராப்சனும் அதே உடன்படிக்கையை வைத்து அமெரிக்க அரசின் மீது ஐ.நா.வில் மனு கொடுத்தார்கள். லெம்கின் அதை எதிர்த்தார் என்பது கசப்பான செய்தி. அவரிடம் அனுமதி கேட்டு யாரும் காத்திருக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தாலுகா. ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணை 1010தான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் நிலம் கைமாறியது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த கதை நம் பட்டுத் தெருக்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அங்கே ஆணையே போய்விட்டது. இங்கே நிபந்தனை அப்படியே இருக்கிறது, நிலம்தான் நம் கையில் இல்லை. வழக்காட நமக்கு அவர்களைவிட வலுவான தாள் இருக்கிறது.

அந்தத் தாளைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது என்பதும் நினைவிருக்கட்டும். காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கிராமத்தின் பழைய அ-பதிவேட்டைக் கேளுங்கள். பஞ்சமி நிலம் என்ற குறிப்புள்ள சர்வே எண்களை இன்றைய பட்டாவோடு ஒப்பிடுங்கள். உத்திரமேரூர் பக்கம் இரண்டு கிராமங்களுக்கு இந்த மாதம் மனு போட்டிருக்கிறோம்.