பயோஸ் போனால் மதர்போட்டும் போனதா?

பயோஸ் அப்டேட் பாதியில் நிண்டு, திரை கறுத்துப்போன லப்டொப்பைத் திருத்தக் கொண்டுபோனால், "மதர்போட் போட்டுது, மாத்தத்தான் வேணும்" எண்ட பதில் அடிக்கடி கிடைக்கும். அதை உடனே நம்பத் தேவையில்லை. ஏனென்று விளங்க கொஞ்சம் பின்னால் போவோம்.

1981 இல் வந்த ஐபிஎம் பிசியில் பயோஸ் ரோம் சிப்பில் இருந்தது. தொழிற்சாலையில் பதித்ததோடு சரி. யாராலும் மாற்றமுடியாது, அதனால் கெடுக்கவும் முடியாது. தொண்ணூறுகளில் அந்த இடத்துக்கு பிளாஷ் சிப் வந்தது. இனி வீட்டிலேயே புதுப் பயோஸ் எழுதலாம். ஆனால் எழுதேக்க கரண்ட் போனால் (எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை) கணினிக்கு எப்படி எழும்புறது எண்டதே மறந்துபோகும்.

இந்தப் பலவீனம் உலகத்துக்குத் தெரியவந்தது 1999 ஏப்ரல் 26 இல். தாய்வான் மாணவர் சென் இங்-ஹவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்றைக்கு விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்து நடந்த அதே திகதி என்பதால் அந்தப் பெயரும் அதுக்கு ஒட்டிக்கொண்டது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, இடம் கிடைத்த கணினிகளில் பயோஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. தென்கொரியாவுக்குப் பெரிய அடி.

அப்போதும் மதர்போட் சாகவில்லை, சிப்பில் இருந்த எழுத்துத்தான் அழிந்தது. பல போட்டுகளில் சிப்பை சொக்கெற்றிலிருந்து கழற்றலாம். அதே மாதிரியான இன்னொரு கணினியைப் போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கேக்கயே அதன் சிப்பைக் கழற்றி, பழுதானதைச் செருகி, மறுபடி எழுதினார்கள். கை நடுங்குற வேலைதான்!

இதைவிட நிதானமான வழி பூட் புளொக். சிப்பின் ஒரு சின்னப் பகுதியை அப்டேட் தொடாது. அதுக்குத் தெரிந்தது ஒரே வேலை: ஃபுளொப்பியில் இருக்கிற பயோஸ் கோப்பை வாசித்து மிச்சத்தை எழுதுறது. இண்டைக்கு எச்பி லப்டொப்பில் விண்டோஸ் விசையையும் பி விசையையும், டெல்லில் கொன்ட்ரோல், எஸ்கேப் விசைகளையும் அழுத்திப்பிடித்துத் தொடக்கேக்க நடக்கிறதும் கிட்டத்தட்ட அதுதான். ஃபுளொப்பிக்குப் பதிலாகப் பென்ட்ரைவ், அவ்வளவுதான்.

2017 டிசம்பரில் உபுண்டு 17.10 ஐத் தரவிறக்கத்திலிருந்து எடுக்கவேண்டி வந்தது. இன்டெல் எஸ்பிஐ டிரைவர் ஒன்றால் லெனோவோ உட்படப் பல லப்டொப்புகளில் பயோஸ் மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை, யூஎஸ்பியிலிருந்து தொடங்கவும் முடியவில்லை. போட்டை மாற்றித் தீர்க்கவேண்டிய பிரச்சினையாய்த்தான் தெரிந்தது. திருத்திய கேர்னலோடு தொடக்கியதும் பல லப்டொப்புகள் வழமைக்குத் திரும்பின.

பூட் புளொக்கும் கைவிட்டால் கடைசி வழி, போட்டில் ஒட்டியிருக்கும் எட்டுக்கால் சிப்பைக் கிளிப்பால் பிடித்து, புரோகிராமரால் நேரடியாக எழுதுறது. பற்றரியைக் கழற்றவேணும், சிப் 3.3 வோல்ற்றா 1.8 வோல்ற்றா எண்டு பார்க்கவேணும். எழுதமுதல் பழையதை இரண்டுதரம் வாசித்து ஒப்பிட்டுச் சேமிக்கச் சொல்லுங்கோ. லப்டொப்பின் தொடர் இலக்கமும் பெரும்பாலும் விண்டோஸ் கீயும் அதுக்குள்ளதான் இருக்கும். கம்பனித் தளத்தில் கிடைக்கிற கோப்பில் அவை இராது.