ஓய்வு, தடை, தீர்ப்பு: தனுஷ்க குணதிலகவின் கதையை எப்படி வாசிப்பது?

தேசிய அணியில் இருந்து ஒரு வீரர் ஓய்வு பெறுவதென்றால் பொதுவாக மாலையும் மரியாதையுமாகத்தான் இருக்கும். ஆனால் சில ஓய்வுகள் அப்படி நடப்பதில்லை. 2022 ஜனவரி 8 ஆம் திகதி தனுஷ்க குணதிலக டெஸ்ட் போட்டிகளில் இருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 30. விளையாடியிருந்தது 8 டெஸ்ட், எடுத்த ஓட்டங்கள் 299. அதற்கு முதல் நாள்தான் அவர் மீதான ஓராண்டுத் தடை நீக்கப்பட்டிருந்தது.

அதன் பின்னர் சிட்னியில் நடந்தவைதான் இன்று பலருக்கும் நினைவில் இருக்கின்றன. ஓய்வு, ஒழுக்காற்றுத் தடை, குற்ற வழக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு விடயங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால் யாருக்கு என்ன நடந்தது என்பதே மறைந்துபோகிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டர்ஹாமில் இருந்து ஓய்வு வரை

குணதிலக மீதான ஒழுக்காற்று நடவடிக்கைகள் 2021 இல் தொடங்கியவை அல்ல. 2017 இலும் 2018 இலும் வீரர்களுக்கான நடத்தை விதிகளை மீறியமைக்காக இலங்கை கிரிக்கெட் நிறுவனம் அவருக்குத் தடை விதித்திருந்தது.

2021 ஜூனில் இலங்கை அணி இங்கிலாந்தில் இருந்தது. கொவிட் காலம். வீரர்கள் ஹோட்டலை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. குணதிலக, குசல் மெண்டிஸ், நிரோஷன் திக்வெல்ல ஆகிய மூவரும் அந்த விதியை மீறி டர்ஹாம் நகரில் வெளியே சென்றது சமூக வலைத்தளங்களில் பரவிய காணொளியை அடுத்துத் தெரியவந்தது. மூவரும் உடனடியாக நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜூலை இறுதியில் தண்டனை அறிவிக்கப்பட்டது: சர்வதேசப் போட்டிகளில் ஓராண்டுத் தடை, உள்ளூர்ப் போட்டிகளில் ஆறு மாதத் தடை, ஆளுக்கு ஒரு கோடி ரூபா அபராதம். ஓராண்டு முடிய முன்னரே, 2022 ஜனவரியில், தடை நீக்கப்பட்டது.

ஓய்வின் விலை

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பானுக ராஜபக்ஷ சர்வதேசக் கிரிக்கெட்டில் இருந்து ஓய்வு பெறுவதாகக் கடிதம் கொடுத்தார். பின்னர் அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சரைச் சந்தித்துவிட்டு அதை மீளப் பெற்றார். வீரர்கள் தேசிய அணியை விட்டுவிட்டு வெளிநாட்டு லீக் போட்டிகளுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் கிரிக்கெட் நிறுவனம் மூன்று நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. ஓய்வு பெற விரும்புபவர் மூன்று மாதங்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். ஓய்வு பெற்று ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே வெளிநாட்டு லீக்குகளில் ஆடுவதற்கான ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் கிடைக்கும். லங்கா பிரீமியர் லீக்கில் ஆட வேண்டுமானால் அந்தப் பருவத்தின் உள்ளூர்ப் போட்டிகளில் 80 சதவீதமானவற்றில் ஆடியிருக்க வேண்டும்.

வெளியில் தனிப்பட்ட முடிவாகத் தெரியும் ஓய்வு, உள்ளே ஒப்பந்தமும் வருமானமும் அனுமதியும் சம்பந்தப்பட்டது என்பதை இந்த விதிகள் காட்டுகின்றன. நான் பேசிப் பழகிய யாழ்ப்பாணத்து இளம் வீரர்கள் பலருக்கு இந்தப் பக்கம் தெரியாது. தேசிய அணிக்குள் போகும் வழி மட்டும்தான் அவர்களின் கண்ணில் இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கின் ஊடாகத்தான் நாட்டுக்கே அறிமுகமானார். எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு அவ்வளவு ஒடுக்கமானது. ஒரு கையொப்பம் பிந்தினாலும் அது மூடிவிடும்.

சிட்னி: முறைப்பாடு முதல் தீர்ப்பு வரை

2022 ரி20 உலகக் கிண்ணத்தில் முதற் சுற்றிலேயே குணதிலக காயமடைந்தார். அவருக்குப் பதிலாக வேறொருவர் சேர்க்கப்பட்டாலும் அவர் அணியுடனேயே அவுஸ்திரேலியாவில் தங்கியிருந்தார். இங்கிலாந்திடம் இலங்கை தோற்று வெளியேறிய சில மணி நேரத்தில், நவம்பர் 6 அதிகாலை, சிட்னி பொலிஸார் அவரைக் கைது செய்தனர். சில நாட்களுக்கு முன்னர் ஒரு பெண்ணைச் சம்மதமின்றிப் பாலியல் உறவுக்கு உட்படுத்தினார் என்று நான்கு குற்றச்சாட்டுகள். மறுநாளே கிரிக்கெட் நிறுவனம் அவரைச் சகல வகைப் போட்டிகளில் இருந்தும் இடைநிறுத்தியது. முதலில் பிணை மறுக்கப்பட்டது, பின்னர் அதே மாதத்தில் கடும் நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது.

2023 மே மாதத்தில் நான்கில் மூன்று குற்றச்சாட்டுகளை அரச தரப்பு விலக்கிக்கொண்டது. எஞ்சிய ஒன்று செப்டெம்பரில் ஜூரி இன்றி நீதிபதி சாரா ஹக்கெட் முன்னிலையில் விசாரிக்கப்பட்டது. செப்டெம்பர் 28 ஆம் திகதி அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. ஒக்டோபரில் கிரிக்கெட் நிறுவனம் தடையை நீக்கியது.

இங்கே சொற்கள் முக்கியம். முறைப்பாடு என்பது ஒருவர் சொல்வது. குற்றச்சாட்டு என்பது அரசு சுமத்துவது. தீர்ப்பு என்பது நீதிமன்றம் முடிவு செய்வது. கைதான அன்று ‘குற்றவாளி’ என்று எழுதியவர்கள், விடுதலையான அன்று ‘பொய் முறைப்பாடு’ என்று எழுதினார்கள். இரண்டுமே பிழை. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்டத்தின் முன் நிரபராதி. அவரை அப்படியேதான் எழுத வேண்டும். முறைப்பாடு செய்தவர் பொய்யர் என்று அந்தத் தீர்ப்புக்குத் தானாகப் பொருள் வந்துவிடாது. எங்கள் ஊரில் ஒரு பெண் பொலிஸுக்குப் போவதற்கு முன் எத்தனை தடவை யோசிக்கிறாள் என்பது தெரிந்தவர்கள் அந்தச் சொல்லை இலகுவில் எழுதமாட்டார்கள்.

பென்சிமாவின் எதிர்மாறான கதை

குடாநாட்டில் உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்குக் கரீம் பென்சிமாவின் விவகாரம் தெரிந்திருக்கும். பிரான்ஸ் அணியின் சக வீரர் மத்தியூ வல்புவேனாவை ஓர் அந்தரங்கக் காணொளியைக் கொண்டு மிரட்டும் முயற்சிக்கு உடந்தையாக இருந்தார் என்று 2015 இல் அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. தீர்ப்பு வர முன்னரே தேசிய அணியின் கதவு மூடப்பட்டது. 2018 இல் பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இல்லை. 2021 இல் மீண்டும் அழைக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, ஓராண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தது. ஆனால் இம்முறை அவர் அணியில் இருந்து நீக்கப்படவில்லை. 2022 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர் காயமடைந்து வெளியேறினார். இறுதிப் போட்டிக்கு மறுநாள், தனது 35 ஆவது பிறந்தநாளில், 97 போட்டிகள், 37 கோல்களுடன் தேசிய அணிக்கு விடை கொடுத்தார்.

குற்றஞ்சாட்டப்பட்டபோது வெளியே, குற்றவாளியானபோது உள்ளே. சம்மேளனங்கள் எடுக்கும் முடிவுகள் எப்போதும் நீதியின் படி நடப்பதில்லை. ஆளின் தேவை, ஊடக அழுத்தம், வெற்றி தோல்வி எல்லாம் அதில் கலந்திருக்கும்.

நிறுவனங்கள் தவறினால்?

2023 ஜனவரியில் பீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தை இடைநிறுத்தி, 2024 ஜனவரியில் விடுவித்தது. காரணம் நிர்வாகத்தில் அரசியல் தலையீடு. தேர்தலிலும் நியமனத்திலும் பிழைவிட்டவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். உதைபந்தாட்டத் தடையால் சர்வதேசப் போட்டிகளை இழந்தவர்கள் வீரர்களே. அவர்களை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை, ஆனால் தண்டனை அவர்களுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே எங்கள் மைதானங்களில் இருந்து ஒரு பிள்ளை தேசிய அணிக்குப் போகும்போது அதன் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஒழுக்காற்று விசாரணை வந்தால் எழுத்தில் அறிவிப்பார்களா? பதில் சொல்ல அவகாசம் உண்டா? மேன்முறையீடு யாரிடம்? அந்தக் கடிதம் எந்த மொழியில் வரும்? அணியில் இருப்பவர்களால் பாதிக்கப்படும் ஒருவர் எங்கே போய் முறையிடலாம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் உள்ள இடத்தில்தான் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் முறைப்பாடு செய்பவருக்கும் ஒரே அளவு நியாயம் கிடைக்கும். குணதிலகவுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். வட்டுக்கோட்டையில் இருந்தோ பருத்தித்துறையில் இருந்தோ போகும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லவாவது யாராவது இருக்க வேண்டும்.